தண்ணீரை மோந்து பார்த்த மேடம்

மேடம் ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கேட்பது டம்ளர். வந்தவர்களுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுப்போமே, அது இல்லை, காலி டம்ளர். அதைத் தன் கையால் கழுவி, குழாயில் பாதி பிடித்து, உள்ளங்கையால் வாயை மூடி ஒரு குலுக்குக் குலுக்குவார். கையைக் கொஞ்சம் விலக்கி அந்த இடுக்கில் மூக்கை வைப்பார். அப்புறம் விறுவிறுவென்று டம்ளரோடு தெருவுக்கே போய்விடுவார். வெயிலில் நின்றுகொண்டு மறுபடியும் குலுக்கி மறுபடியும் மோந்து பார்ப்பார். வீட்டுக்காரர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் ஜீப்பின் கதவைத் துடைக்க ஆரம்பித்துவிடுவேன். எத்தனை வீட்டில்தான் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பது?

"வூட்டுக்குள்ள சிங்க் நாறும், தரை துடைச்ச துணி நாறும். நாம தண்ணியத் திட்டிக்கிட்டு இருப்போம். டம்ளரை வெளிய எடுத்துட்டுப் போயும் நாறினாத்தாண்ணா அது தண்ணி," என்று முதல் வாரமே எனக்குச் சொல்லிவிட்டார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். புதுப்படம் முதல் காட்சிக்கு டிக்கெட் கிடைத்தவர் முகம் மாதிரி இருந்தது.

தருமபுரியில் தண்ணீர் பரிசோதனைக் கூடத்துக்கு நான் வாடகை ஜீப் ஓட்டிய சில வருடங்கள் அவை. மேடம் அங்கே வேதியியல் படித்த அதிகாரி. அரூர்ப் பக்கத்துக்காரர். குள்ளமாக இருப்பார், தடித்த கண்ணாடி, புடவைக்குக் கீழே ஆம்பிளை ஷூ. பூ வைக்க மாட்டார், பவுடர் போட மாட்டார். "மூக்கு வேலை செய்யணும்ணா" என்பார். ஜீப்பில் நான் தொங்கவிட்டிருந்த மல்லிகை வாசனை டப்பாவை முதல் நாளே கழற்றி என் கையில் கொடுத்தார். நான் மூக்குப்பொடி போடுகிறவன். பொடி போட வேண்டுமென்றால் ஜீப்பை விட்டு இறங்கி, காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கமாகப் போய் நிற்க வேண்டும். எனக்குக் கோபம்தான். மாமியார் வீட்டில்கூட நான் அப்படி ஒதுங்கி நின்றதில்லை.

தண்ணீரில் உப்பு எவ்வளவு, கிருமி எவ்வளவு என்று பார்க்க ஆய்வுக்கூடத்தில் கருவிகள் உண்டு. ஆனால் நாறுகிறது, கசக்கிறது, ஒரு மாதிரியாக இருக்கிறது என்று ஜனங்கள் போன் பண்ணினால் மற்ற அதிகாரிகள் உதட்டைப் பிதுக்குவார்கள். மேடம் நாற்காலியில் இருந்து எழுந்துவிடுவார். "ஒரு மாதிரின்னா எந்த மாதிரி?" என்று போனிலேயே விசாரணை ஆரம்பித்துவிடும். காலையிலா, சாயங்காலமா, எல்லாக் குழாயிலுமா, அடுத்த வீட்டிலும் உண்டா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். கடைசியில் தனக்குத்தானே முணுமுணுக்கிற ஒரு கேள்வி உண்டு. "எங்க ஆரம்பிக்குது?" அவருக்கு அது தெரிந்தாக வேண்டும். தெரியும்வரை சோறு இறங்காது. எனக்கும் சேர்த்துத்தான் இறங்காது, ஏனென்றால் சாப்பாட்டுக்கு ஜீப்பை நிறுத்தச் சொல்ல மாட்டார்.

ஊருக்குள் புதிதாக வீடு கட்டிய ஒருவர், போர்த் தண்ணீர் அழுகின முட்டை மாதிரி நாறுகிறது, போரையே மூடிவிட்டு வேறு போடப் போகிறேன் என்று நின்றார். ஆழ்துளை போடுகிற வண்டியே வாசலில் வந்து நிற்கிறது. மேடம் டம்ளரும் கையுமாக உள்ளே போனார். குளியலறையில் பச்சைத்தண்ணீர்க் குழாயைத் திறந்து மோந்தார், ஒன்றுமில்லை. சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்ததும் நானே வாசலில் இருந்து மூக்கைப் பிடித்துக்கொண்டேன். பொடி போட்டு மரத்துப்போன என் மூக்குக்கே எட்டியது. "போர் ஒண்ணும் பண்ணலைங்க. ஹீட்டருக்குள்ள ஒரு கம்பி இருக்கும், அதுல ஆரம்பிக்குது. ஆள வுட்டு அதை மாத்துங்க," என்றார் மேடம். போர் வண்டிக்காரன் அவரை முறைத்த முறைப்பு இன்னும் எனக்குக் கண்ணில் நிற்கிறது. மேடம் அதைக் கவனிக்கவே இல்லை. ஜீப்பில் ஏறி, "அண்ணா, நாத்தமாண்ணா அது! அருமையான நாத்தம்," என்று ரசித்துக்கொண்டே வந்தார்.

பொம்மிடியில் ஒரு வீட்டில் தண்ணீரில் மண் வாடை அடிக்கிறது என்றார்கள். மேடம் நேராக மொட்டைமாடி ஏறினார். வெள்ளைத் தொட்டி, மூடி காற்றில் பறந்துபோய் வெயில் நேரே உள்ளே இறங்குகிறது. பக்கவாட்டில் பச்சைப் பாசி. அதை விரலால் வழித்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். "மழை பேஞ்ச வாசனை வருதா?" வந்தது. என் வாழ்க்கையில் பாசியை மோந்து சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். இந்த அம்மாவோடு சுற்றிச் சுற்றி எனக்கும் பைத்தியம் தொற்றிவிட்டது என்று அப்போதே தெரிந்துகொண்டேன்.

அப்பேர்ப்பட்ட மூக்கு போய்விட்டது. கொரோனா இரண்டாவது முறை வந்ததே, அப்போது மேடத்துக்கும் வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைத்து வந்தார். திரும்பி வந்த பிறகு ஆள் கொஞ்சம் அமைதியாகிவிட்டார். டம்ளரைக் குலுக்குகிறார், வெளியே எடுத்துப் போகிறார், எல்லாம் பழையபடிதான். ஆனால் டம்ளரைப் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டி, "உங்களுக்கு எப்படி இருக்குதுங்க?" என்று கேட்க ஆரம்பித்தார். சரி, அதிகாரி ஆகிவிட்டால் வேலையை அடுத்தவரிடம் கொடுப்பது வழக்கம்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் மொரப்பூர்ச் சந்தையில் வீட்டுக்குக் கருவாடு வாங்கி, சீட்டுக்கு அடியில் பொட்டலத்தைத் திணித்துவிட்டு மேடத்தை ஏற்றினேன். எப்படியும் திட்டு விழும், கெஞ்சிக் கூத்தாடிக்கொள்ளலாம் என்று தயாராக இருந்தேன். நல்ல வெயில். ஜீப் முழுக்க வாடை. மேடம் ஜன்னல்கூடத் திறக்காமல் வந்தார். பாதி வழியில் எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"மேடம், ஒண்ணும் தெரியலீங்களா?"

"என்னாண்ணா?"

"வண்டியில ஒண்ணும் வாடை வரலீங்களா?"

"எனக்கு இப்ப எந்த வாசனையும் தெரியறதில்லைண்ணா. கொரோனா எடுத்துட்டுப் போயிடுச்சு. ஆபீஸ்ல சொல்லிடாதீங்க," என்றார். நான் வண்டியை ஓரம் கட்டினேன். கருவாட்டுப் பொட்டலத்தைத் தூக்கி வெளியே எறிந்துவிடலாமா என்று தோன்றியது. அது என்ன நியாயம் என்று எனக்கே தெரியவில்லை. "என்ன இருக்குது உள்ள?" என்று கேட்டார். கருவாடு என்றேன். "என்ன கருவாடு?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். நெத்திலி என்று சொன்னேன். "நெத்திலிக் கருவாடு ஜீப்புக்குள்ள வந்து எனக்குத் தெரியல பாருங்க," என்று சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார்.

மேல்தெரு விவகாரம் வந்தது இதற்குப் பிறகுதான். மூக்கில்லாமல்தான் மேடம் அங்கே போனார்.

மொரப்பூரில் இருந்து உள்ளே போகும் ஓர் ஊர். மேல்தெரு, கீழ்த்தெரு என்று இரண்டு. அந்த வருடம்தான் ஆற்றுத் தண்ணீர் குழாயில் வந்திருந்தது. அதற்கு முன் எல்லோருக்கும் கிணற்றுத் தண்ணீர். உயரத் தொட்டியில் தண்ணீரை ஏற்றி, பிளீச்சிங் பவுடர் கலந்து, தெருவாரியாகத் திறந்துவிடுகிற வேலை மாதையனுக்கு. டேங்க் ஆப்பரேட்டர் என்பார்கள். கீழ்த்தெருக்காரர், நாற்பதைத் தாண்டியவர், பூஞ்சை உடம்பு. ஆடி பிறந்த கொஞ்ச நாளில் மேல்தெருவில் குடிதண்ணீரில் டிஞ்சர் வாடை அடிக்க ஆரம்பித்தது. புண்ணுக்குப் போடுகிற அதே மருந்து வாடை. கீழ்த்தெருவில் இல்லை. மாதையன் வீட்டிலும் இல்லை.

அது போதாதா? கோடையில் எந்தத் தெருவுக்கு முதலில் தண்ணீர் என்று சண்டை வந்து, மேல்தெருப் பையன்கள் மாதையனின் சட்டையைப் பிடித்திருக்கிறார்கள். அவரும் ஆத்திரத்தில், "இருங்க, ஒங்க தெருவுக்கு ஒருநாள் இருக்குது," என்று சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வாக்கியத்தை மேல்தெரு பிடித்துக்கொண்டது. வயலுக்கு அடிக்கிற மருந்தைத் தண்ணீரில் கலக்குகிறான் என்றார்கள்.

மேடம் ஒரு முறை வந்து தொட்டியிலும் குழாயிலும் பாட்டிலில் பிடித்துப் போனார். ஆய்வில் எல்லாம் சுத்தமாக இருந்தது. அப்படித்தான் சொல்லியும் அனுப்பினார்கள். மேல்தெரு கொதித்துப் போய்விட்டது. ஊர்க்கூட்டம் போட்டு மாதையனை வேலையை விட்டு நிறுத்துவது, போலீசில் எழுதிக் கொடுப்பது என்று முடிவானது. கூட்டத்துக்கு முந்தின நாள் மாதையன் மேடத்துக்கு போன் பண்ணினார். நான் ஓட்டிக்கொண்டிருந்தேன், ஸ்பீக்கரில் கேட்டது.

"மேடம், வேல போனா போவுதுங்க. கல்லு ஒடச்சிக்கூட பொழச்சுக்குவேன். வெசம் வெச்சவன்னு பேரு வந்துட்டா இந்த ஊர்ல நான் எப்படிங்க இருக்கறது? எம்பொண்ணுங்கள யாருங்க கட்டிக்குவாங்க?"

மேடம் போனை வைத்ததும் என் பக்கம் திரும்பி, "நாறுதுன்னு ஒரு தெருவே பொய் சொல்லாதுண்ணா. மாதையனும் பொய் சொல்லல. அப்ப எங்க ஆரம்பிக்குது?" என்றார். பழைய குரல் வந்துவிட்டது. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

மறுநாள் காலையிலேயே போய்விட்டோம். தொட்டித் தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் பிடித்துச் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார். லேசான மஞ்சள். பவுடர் சரியான அளவில்தான் இருக்கிறது. பிறகு டம்ளரை என்னிடம் நீட்டினார். நான் மோந்து பார்த்துவிட்டு, "எனக்கு மூக்குப்பொடி வாசனைதான் மேடம் வருது," என்றேன். "உங்கள வெச்சுக்கிட்டு நான் என்னாண்ணா பண்றது," என்று சொல்லிவிட்டு மேல்தெருவுக்கு நடந்தார்.

மாதையன் மேல் அதிகமாகப் பாய்ந்துகொண்டிருந்தது கோவிந்தம்மாள். வாட்டசாட்டமான பெண்மணி. வாசலிலேயே எங்களை மறித்துக்கொண்டார்.

"மறுபடியும் வந்துட்டீங்களா? நல்லாருக்குதுன்னு சொல்லிட்டுப் போறதுக்கா? எம்மருமவ மாசமா இருக்கறா. இந்தத் தண்ணி ஒரு வாய் உள்ள போனா கொடலே வெளிய வருது. ஒடம்புல ஒண்ணியும் நிக்கல. எதுனா ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"நாறுதுன்னு நீங்க சொல்றது நெசங்கம்மா. நான் நம்பறேன். எங்க ஆரம்பிக்குதுன்னு பாக்கத்தான் வந்துருக்கேன்," என்றார் மேடம்.

நம்புகிறேன் என்று ஓர் அதிகாரி சொல்வதைக் கோவிந்தம்மாள் எதிர்பார்க்கவில்லை. வழியை விட்டு விலகினார். உள்ளே மருமகள் செல்வி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் உள்ளே போயிருந்தது. மசக்கைக்காரி. பக்கத்து வீட்டில் வெங்காயம் வதக்கினாலும் இங்கே குமட்டுமாம். மேடம் அவளைப் பார்த்ததும் எனக்கு அவர் மனசு புரிந்துவிட்டது. மாவட்டத்திலேயே நல்ல மூக்கு இதோ உட்கார்ந்திருக்கிறது.

"கண்ணு, எனக்கு ஒரு ஒதவி பண்ணுவியா? குடிக்க வேணாம். தூர வெச்சு மோந்து பாத்தா போதும்."

செல்வியைக் கைத்தாங்கலாகத் தெருவுக்குக் கூட்டி வந்தார். வீட்டுக் குழாயில் அப்போதுதான் பிடித்த தண்ணீர். "கொஞ்சம் பவுடர் வாசனைங்க. வேற ஒண்ணியும் இல்ல," என்றாள். அடுத்து, உள்ளே பானையில் இருந்து மொண்ட தண்ணீர். டம்ளர் அருகே வருவதற்கு முன்பே முகத்தைத் திருப்பிக்கொண்டு சாக்கடையோரம் ஓடினாள்.

"பாத்தீங்களா?" என்றார் கோவிந்தம்மாள். "பானையில இருக்கறது காத்தாலத் தண்ணி. குடிக்கறதுக்கு நாங்க காத்தாலதான் புடிக்கறதுன்னு அவனுக்குத் தெரியும். அந்நேரத்துக்குத்தான் கலக்கறான்."

கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. எனக்கே மாதையன் மேல் ஒரு நிமிஷம் சந்தேகம் வந்தது. மேடம் மட்டும், "காத்தால புடிச்சது வேற பாத்திரத்துல இருக்குதுங்களா?" என்று கேட்டார். சமையலுக்கென்று ஒரு எவர்சில்வர் குடம் இருந்தது. அதே குழாயில் அதே நேரத்தில் பிடித்தது. செல்வி பயந்துகொண்டே மோந்தாள். மறுபடியும் மோந்தாள்.

"இதுல இல்லீங்க."

மேடம் சமையலறைக்குள் கிட்டத்தட்ட ஓடினார். பானையின் வயிற்றைத் தடவினார். பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த இன்னொரு பானையை நிமிர்த்தி உள்ளே தலையை விட்டார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். பழக்கம் விடவில்லை. விரலால் உள்சுவரைத் தேய்த்துப் பார்த்தார். விரல் நுனி கருத்திருந்தது.

"இது என்னங்கம்மா கரி?"

"அது பொகைங்க. ஆடி பொறந்தா நாங்க பான மாத்தறது. கொலசாமிக்குச் செய்யறது. கொட்டாங்கச்சி நெருப்புல சாம்பிராணியும் வேப்பலையும் போட்டு, மேல பானையக் கவுத்து வெச்சு நல்லா பொகை காட்டிட்டுத்தான் தண்ணி ஊத்தறது. ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் காட்டுவோம். எங்க தெரு மட்டுந்தான். கெணத்துத் தண்ணி ஊத்திக் குடிச்சா அப்படி மணக்கும்."

"இந்த ஆடிக்கு கெணத்துத் தண்ணி ஊத்தலையே?"

"கொழாய் வந்துடுச்சே. கெணத்துக்கு யாரு போறா?"

மேடம் அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் சிரிப்பதைப் பார்த்துக் கோவிந்தம்மாள் திகைத்து நின்றார். எனக்கும் முழுசாகப் புரியவில்லை. ஆனால் பிடித்துவிட்டார் என்று தெரிந்தது. வாசலுக்குப் போய் ஒரு சிட்டிகை பொடி போட்டுக்கொண்டேன். காற்று எந்தப் பக்கம் என்றுகூடப் பார்க்கவில்லை.

மத்தியானமே தொட்டிக்குக் கீழே மூன்று பானை வைக்கச் சொன்னார். ஒன்று புகை காட்டின பானை, அதில் கிணற்றுத் தண்ணீர். இன்னொன்றும் புகை காட்டினது, அதில் குழாய்த் தண்ணீர். மூன்றாவது கீழ்த்தெருவில் இருந்து வாங்கின பானை, புகையே படாதது. அதிலும் குழாய்த் தண்ணீர். மூன்றுக்கும் தட்டு போட்டு மூடினார். கிணற்றுத் தண்ணீரை எடுத்து வந்தது, குழாயில் பிடித்தது எல்லாம் கோவிந்தம்மாளையே செய்ய வைத்தார். மாதையனைப் பக்கத்தில் விடவில்லை. அப்புறம் கூட்டம் கூடும்வரை அந்தப் பானைகளைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். பேச்சில்லை, சாப்பாடில்லை.

"மேடம், ஒருவேள தப்பாப் போச்சுன்னா?" என்று கேட்டேன்.

"போச்சுன்னா அது வேற எடத்துல ஆரம்பிக்குதுன்னு அர்த்தம். தேடலாம்," என்றவர், தூரத்தில் மோட்டார் அறையின் படியில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்த மாதையனைப் பார்த்தார். "ஆனா அவருக்கு இன்னிக்குத்தானே கூட்டம்," என்றார். அப்போதுதான் அவர் குரலில் பயத்தைக் கேட்டேன்.

சாயங்காலம் இரண்டு தெருவும் கூடியது. பஞ்சாயத்துத் தலைவர் நாற்காலியில். மேல்தெரு ஒரு பக்கம், கீழ்த்தெரு ஒரு பக்கம். மேடம் நடுவில் நின்று சொன்னார்.

"தொட்டித் தண்ணியில கிருமி சாவறதுக்குப் பவுடர் போடறாங்க. அதுக்குன்னு கொஞ்சம் வாசனை உண்டு. புகைக்கும் வாசனை உண்டு. ரெண்டும் தனித்தனியா இருந்தா ஒண்ணும் பண்ணாது. ஒண்ணா சேந்தா மூணாவதா ஒரு வாசனை பொறக்கும். அதுதான் இந்த டிஞ்சர் வாசனை. துளியூண்டு சேந்தாலே போதும், மூக்கு கண்டுபுடிச்சிடும். மாதையன் ஒண்ணும் கலக்கலைங்க. ஆரம்பிக்கறது பானையில."

ஒரே சலசலப்பு. கோவிந்தம்மாளின் மகன் முன்னால் வந்தான். செல்வியின் புருஷன். பெண்டாட்டி வாடிக் கிடக்கிற ஆத்திரம் அவனுக்கு.

"எங்க கொலசாமிக்குச் செய்யறதுல குத்தம் சொல்றீங்களா? பாட்டன் பூட்டன் காலத்துலருந்து பொகை காட்டறோம், அப்ப எல்லாம் நாறலையே. சரி, பானையதான் வெச்சிருக்கீங்களே. நீங்களே மோந்து பாத்து, எதுல நாறுது, எதுல நாறலைன்னு எல்லார் முன்னாலயும் சொல்லுங்க."

எந்தப் பானையில் என்ன என்று மேடத்துக்குத் தெரியும். மோந்து பார்ப்பது போலக் குனிந்து நிமிர்ந்து சொல்லிவிட்டால் முடிந்தது. சொல்லிவிடுங்கள் மேடம் என்று நான் மனதுக்குள் கத்திக்கொண்டிருந்தேன்.

"எனக்கு வாசனை தெரியாதுங்க," என்றார் மேடம். "கொரோனாவுல போயிடுச்சு. இந்தப் பானையில எது இருந்தாலும் எனக்கு ஒண்ணுதான்."

யாரோ சிரித்தார்கள். "மூக்கே இல்லாத ஆள அனுப்பிச்சிருக்காங்கப்பா," என்று ஒரு குரல். மாதையன் எழுந்து நின்றவர் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அந்தக் குரலுக்குச் சொந்தக்காரனைத் தேடிப் போய் அறைய வேண்டும் போல இருந்தது.

மேடம் அசையவில்லை. "அதனாலதாங்க ஒங்க மூக்கக் கேக்கறேன். நான் சொன்னா நீங்க நம்பவேணாம். ஒங்க மூக்கு சொன்னா நம்புவீங்கல்ல? ஊத்துனது ஒங்க வூட்டு அம்மா. மோந்து பாக்கறது நீங்க. நான் இப்படி ஓரமா நிக்கறேன்," என்று சொல்லி நிஜமாகவே விலகி வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார். அவர் கை சில்லிட்டிருந்தது என்று பக்கத்தில் நின்ற எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் என் முழங்கையை இறுகப் பிடித்திருந்தார்.

தலைவர்தான் முதலில் போனார். கிணற்றுத் தண்ணீர்ப் பானையைத் திறந்து, "சாம்பிராணி வாசனை. நல்லாத்தான் இருக்குது," என்றார். புகை காணாத பானையில், "ஒண்ணியும் இல்ல." புகை காட்டின பானையில் குழாய்த் தண்ணீர் இருந்ததே, அந்தத் தட்டை எடுத்ததும் முகம் சுளித்து அவசரமாக மூடினார். அப்புறம் வரிசையில்லை, ஒழுங்கில்லை. இரண்டு தெருப் பெண்களும் முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். மேல்தெருப் பெண்ணொருத்தி கீழ்த்தெருப் பெண்ணிடம், "இங்க வா, இத மோந்து பாரு," என்று பானையைச் சாய்த்துக் காட்டினாள். கோவிந்தம்மாள் மூன்றையும் மோந்தார். திரும்பி வந்து மறுபடியும் மோந்தார். பிறகு மகனைப் பார்த்து, "டேய், போயி கூட்டத்தோட நில்லு," என்றார். அவ்வளவுதான். அவன் போய் நின்றான்.

போலீஸ் என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை. புகை காட்டின பானையைச் சாமி அறையில் கிணற்றுத் தண்ணீரோடு வைத்துக்கொள்வது, குடிக்கிற தண்ணீரைக் குடத்திலேயே வைத்துக்கொள்வது என்று பெண்களே பேசி முடித்துக்கொண்டார்கள். தண்ணீர் விடும் நேரம் தாண்டிவிட்டது. "என்ன மாதையா, தொறக்கறியா இல்லியா?" என்றார் தலைவர். மாதையன் எழுந்து போய்க் கேட்வால்வைத் திருகினார்.

தொட்டியடிக் குழாயில் தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. கோவிந்தம்மாள் ஒரு எவர்சில்வர் சொம்பைக் கழுவி, நிறையப் பிடித்து, கூட்டத்துக்கு நடுவே நடந்துபோய் மாதையனிடம் நீட்டினார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. "குடி," என்றார். ஆடி பிறந்ததில் இருந்து மேல்தெருவில் ஒருவர்கூட அவர் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. மாதையன் அண்ணாந்து குடித்தார். பாதி சட்டையில் ஊற்றியது. கண்ணில் இருந்தும் ஊற்றியது.

"நாளைக்கு எங்க தெருவுக்கு மொதல்ல உடு," என்றார் கோவிந்தம்மாள்.

"மொறப்படிதான் உடுவேங்க அக்கா," என்றார் மாதையன், முகத்தைத் துடைத்துக்கொண்டே. கீழ்த்தெரு சிரித்தது. மேல்தெருவிலும் சிரித்தார்கள்.

கோவிந்தம்மாள் மறுபடி சொம்பை நிரப்பி மருமகளிடம் கொடுத்தார். இப்போது யாரும் சிரிக்கவில்லை. செல்வி சொம்பை மூக்கருகே வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாக ஒரு வாய். இன்னொரு வாய். அப்புறம் நிறுத்தாமல் கடைசிவரை குடித்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, "ஒண்ணுமே தெரியலைங்க அத்தை," என்றாள். கோவிந்தம்மாள் அவள் வாயைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டார்.

கடைசிச் சொம்பு மேடத்துக்கு வந்தது. கோவிந்தம்மாளே கொண்டுவந்தார். மேடம் அதை வாங்கி, குலுக்காமல், மோந்து பார்க்காமல், தெருவோரம் எடுத்துப் போகாமல், நின்ற இடத்திலேயே அண்ணாந்து மடமடவென்று குடித்தார். காலையில் இருந்து ஒன்றும் சாப்பிடாத தாகம். இரண்டு தெருவும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. சொம்பை இறக்கினார்.

"எனக்கும் ஒண்ணும் தெரியலைங்க," என்றார்.